நஞ்சுண்ட முளையும் நாவிழந்த அறிவும்

தாம்பரத்திற்கும் பல்லாவரத்திற்கும் இடையே ஓர் ஊர், மாழையொன்றின் அயற்பெயரைச் சுமந்து நிற்கின்றது. குரோம்பேட்டை! 1912-இல் சேம்பர்சு என்பார் நிறுவிய தோல் நிறுவனத்தால் வந்த பெயர் அது. குரோமியம் என்பதன் வேரான கிரேக்கச் சொல்லுக்கு நிறம் என்பது பொருள். நிறமாழை என்றால் தமிழ்க் குழந்தைக்கும் விளங்கும். ஊர்ப்பலகையில் அப்பெயரை நாள்தோறும் படிப்போருள் எத்துணைப் பேர், அம்மாழை ஒரு நெல்முளையை என்ன செய்யும் என்பதை அறிவர்?

முன்பு தமிழகத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டே தோல் பதனிடப்பட்டது. அதற்குக் கிழமைகள் பல ஆயின. நிறமாழை உப்போ அவ்வேலையை ஓரிரு நாளில் முடித்தது. விரைவு ஆலைக்காரர்க்கு ஊதியமாயிற்று. தோலிற் பற்றாத எச்சம் பல்லாவரம், நாகல்கேணி மண்ணுக்கு நஞ்சாயிற்று.

நிறமாழை மண்ணில் இருவடிவில் நிற்கும். பதனிடப் பயன்படும் மூவிணை வடிவம் எளிதிற் கரையாது, நச்சுத்தன்மையும் குறைவு. ஆறிணை வடிவமோ எளிதிற் கரைவது, கொடியது. மண்ணிலுள்ள மாங்கனீசுச் சேர்மங்கள் முன்னதைப் பின்னதாக மாற்றவுங் கூடும்.

இக்கொடிய வடிவம், பயிர் விரும்பியுண்ணும் கந்தக உப்பைப் போன்றே அமைந்திருத்தலால், வேரின் வாயில்கள் ஏமாந்து அதனை உள்ளே விடுகின்றன. விதைக்குள் மாப்பொருளை இனிப்பாக மாற்றும் நொதி தளர்கின்றது. முளைக்கு உணவு குறைகின்றது. வேர்நுனியில் உயிரணுப் பிளவு தடைப்பட்டு வேர் குட்டையாகின்றது. புகுந்த மாழை வடிவம் மாறுகையில் கட்டுக்கடங்கா உயிரகக் கூறுகள் தோன்றி, உயிரணுப் படலத்தின் கொழுப்பை அரிக்கின்றன. அவற்றை அடக்கக் காப்பு நொதிகள் முதலிற் பெருகுகின்றன. நஞ்சு மிகுமாயின் அவையும் ஓய்கின்றன. பச்சையம் குன்றுகின்றது. மாழையின் பெரும்பங்கு வேரிலேயே தங்குவதால், இலை வெளிறும் வரை, மேலே பார்ப்பவன் கீழே நடப்பதை அறியான்.

1996 ஆகத்து 28-இல் வேலூர்க் குடிமக்கள் நலமன்ற வழக்கில் இந்திய உச்சமுறைமன்றம் தீர்ப்பளித்தது. தமிழகத் தோலாலைப் பகுதிகளில் ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாமற் போயிற்று என்னுங் கணக்கு அத்தீர்ப்பிலேயே உள்ளது. பல்லாவரத்தை உள்ளடக்கிய அந்நாளைய செங்கை மாவட்ட ஆலைகளும் அத்தீர்ப்புக்கு உட்பட்டனவே.

தோலாலைக் கழிவில் விதைகளை முளைக்கவைத்து ஆய்ந்தோர் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் பலர். ஆய்ந்தவர் தமிழர், மண் தமிழ்மண், அறிக்கையோ ஆங்கிலம்! உழவன் படிக்கவியலா உண்மை, அவனுக்கு மறைக்கப்பட்ட உண்மையே அன்றோ? அறிவியலைச் சொல்லத் தமிழுக்கு வலுவில்லை என்பார் விடை கூறட்டும்: மாழை, நொதி, பச்சையம், உயிரணு என மேலே சொல்லப்பட்டவற்றுள் விளங்காதது எது?

குடிநீரில் குரோமியம் இலிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்பது வரம்பு. 2021 முதல் தாம்பரம் மாநகராட்சிக்குட்பட்ட இவ்வூர்களில், ஒவ்வொரு பொதுக்கிணற்றின் அளவும் தெருமுனையில் தமிழில் எழுதப்படல் வேண்டும். மண்ணாய்வேடு ஒவ்வொன்றும் தமிழிலும் வெளிவரல் வேண்டும்.

நஞ்சை மண்ணில் ஊற்றியது ஒரு கொடுமை. அதன் செய்தியை அயன்மொழியிற் பூட்டி வைத்தது அதனினுங் கொடுமை. மண்ணை மீட்க எழுவோர், மண்ணைப் பற்றிய அறிவை முதலில் தாய்மொழிக்கு மீட்பாராக!