மழை எல்லோருக்கும் பெய்கிறது, நிவாரணம் உடைமைக்குத்தான் கிடைக்கிறது

புயலுக்குச் சாதி தெரியாது என்று ஒவ்வொரு ஐப்பசி, கார்த்திகையிலும் யாராவது ஒருவர் எழுதிவிடுகிறார். புயலுக்குத் தெரியாது என்பது சரிதான். ஆனால், புயல் போன பிறகு வருகிற கணக்கெடுப்புப் படிவத்துக்குச் சாதி நன்றாகவே தெரியும். உன்னிடம் என்ன இருந்தது, அதில் எது போனது என்றுதான் அந்தப் படிவம் கேட்கிறது. யாரிடம் என்ன இருக்கலாம் என்பதைச் சாதி பல தலைமுறைகளாகத் தீர்மானித்து வைத்திருக்கும் நாட்டில், யாருக்கு எவ்வளவு நிவாரணம் என்பதையும் அதுவே தீர்மானித்துவிடுகிறது.

நான் இதை எழுதுவது ஆரணியிலிருந்து. பட்டு நெய்கிற வீட்டில் பிறந்தவள். கடலுக்கும் எங்கள் ஊருக்கும் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் தூரம். புயல் என்றால் கடலூர், நாகப்பட்டினம் என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாங்கள். அந்த நினைப்பை ஃபெஞ்சல் உடைத்தது. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த அந்தப் புயல், நகராமல் பல மணி நேரம் நின்று கொட்டியது. விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. மழை. அடுத்த நாள், கடலைவிட்டு வெகுதூரம் தள்ளி இருக்கும் கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் 50 செ.மீ. டிசம்பர் 1 அன்று எங்கள் மாவட்டத் தலைநகரான திருவண்ணாமலையில், மலையடிவார வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து 7 பேர் புதைந்து இறந்தார்கள். அவர்களில் 5 பேர் குழந்தைகள்.

இது இயற்கையின் விபரீத விளையாட்டு அல்ல. காற்றின் வெப்பம் 1 டிகிரி கூடினால் அது சுமார் 7 விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்கும். கடல் சூடாகச் சூடாக, புயல் சுமந்துவரும் தண்ணீரும் கூடுகிறது. அந்தத் தண்ணீர் கடற்கரையோடு நிற்பதில்லை. ஆனால் புயலுக்கான நமது திட்டங்கள் இன்னமும் கடலைப் பார்த்தே உட்கார்ந்திருக்கின்றன. புயல் பாதுகாப்பு மையங்கள், மீனவர்களுக்கான எச்சரிக்கை, துறைமுகத்தில் ஏற்றும் கூண்டு, எல்லாம் தேவைதான். உள்மாவட்டத்துக்கு என்ன இருக்கிறது?

எங்கள் தொழிலில் மழை என்ன செய்யும் என்று சொல்கிறேன். பெரும்பாலும் குழித்தறி. தரையில் வெட்டிய குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து மிதித்து நெய்ய வேண்டும். வெளியே வெள்ளம் வர வேண்டும் என்றுகூட இல்லை. நாலு நாள் அடைமழை பெய்தால் குழியில் தண்ணீர் ஊறும். இறைத்தால் மறுபடி ஊறும். ஈரக்காற்றில் பட்டு இழை ஒட்டும், அறும், சரிகை கறுக்கும். சாயம் போட்ட நூல் காயாது. தெருவில் பாவு நீட்ட முடியாது. தறி உடையவில்லை, வீடு இடியவில்லை. ஆனால் இரண்டு வாரம் சேலை இறங்கவில்லை. சேலை இறங்கினால்தான் கூலி.

இப்போது படிவத்துக்கு வருவோம். ஒன்றிய அரசின் பேரிடர் நிவாரண விதிமுறைகளில் (2022–26) கைத்தறிக்கு ஒரு தலைப்பு உண்டு. கருவிகள் சேதமானால் ஒருவருக்கு 5,000 ரூபாய். மூலப்பொருளோ நெய்துகொண்டிருந்த துணியோ கெட்டால் 5,000 ரூபாய். அதுவும் அதிகாரி சான்றளிக்க வேண்டும். வேலையில்லாமல் போன நாட்களுக்கு அந்தத் தலைப்பின்கீழ் எதுவும் இல்லை. தறியோ முதலாளியுடையது. பட்டும் சரிகையும் முதலாளியுடையவை. வீடு வாடகை வீடு. கூலிக்கு நெய்பவரிடம் சொந்தமாக இருப்பது கையும் காலும்தான். அவை சேதமாகவில்லையே என்கிறது படிவம். பாவு நனைந்து கெட்டால் அந்த நட்டம் நெசவாளியின் கூலியில் பிடிக்கப்படுவதும், வாங்கிய முன்பணத்தோடு சேர்ந்து இன்னொரு கடனாவதும் எங்கள் தெருவில் புதிதல்ல. தார் சுற்றும் பெண்கள் அந்தக் கணக்கில்கூட வருவதில்லை. 2019–20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி இந்தியாவின் கைத்தறித் தொழிலாளர்களில் பத்துக்கு ஏழு பேர் பெண்கள். மூன்றில் இரண்டு பங்கு நெசவுக் குடும்பங்களுக்கு மாத வருமானம் 5,000 ரூபாயைத் தாண்டுவதில்லை. அவர்களுக்கு இரண்டு வாரம் வேலை நின்றால் அதுதான் பேரிடர்.

நெசவாளிக்கே இப்படி என்றால், காலனியிலிருந்து வந்து நூல் இழைக்கிறவர், சாயப்பட்டறையில் நாள் கூலிக்கு நிற்கிறவர், மழை விட்டதும் தெருச் சகதியை அள்ள அனுப்பப்படுகிறவர் ஆகியோரின் நிலை என்ன? பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இவர்களில் பலருக்கு நெசவுத் தொழிலாளர் என்ற அடையாள அட்டைகூடக் கிடைக்கவில்லை.

ஆரணியோடு முடிகிற கதை அல்ல இது. 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவைப் புரட்டிப் போட்டபோது, விழுந்த தென்னை ஒன்றுக்கு 600 ரூபாயும் அதை அப்புறப்படுத்த 500 ரூபாயும் அறிவிக்கப்பட்டன. மரத்துக்குச் சொந்தக்காரருக்கே அது போதாது என்பது உண்மை. ஆனால் அந்தத் தோப்பில் காய் பறித்து, மட்டை உரித்து, கீற்று முடைந்து வாழ்ந்த நிலமற்ற தலித் குடும்பங்களும் பல ஆண்டு வேலையை இழந்தன. அவர்கள் பெயரில் மரம் இல்லை. அதனால் அவர்களின் இழப்புக்குத் தனிக் கணக்கும் இல்லை.

ஓராண்டு கழித்து, 2019 டிசம்பர் 2 அதிகாலையில் மேட்டுப்பாளையம் நடூரில் மழையில் ஊறிய சுவர் இடிந்து 17 பேர் இறந்தார்கள். அனைவரும் அருந்ததியர்கள். தங்கள் குடியிருப்பை ஒட்டி எழுப்பப்பட்ட அந்த உயரமான சுவர் தீண்டாமைச் சுவர் என்று மக்கள் சொன்னார்கள். நீதி கேட்டுத் திரண்டவர்கள்மீது தடியடி நடந்தது. அரசுப் பதிவேட்டில் அது மழையால் சுவர் இடிந்த சம்பவம். அங்கே வீட்டை ஒட்டிச் சுவர் எழுப்பியது மழையா?

திருவண்ணாமலை நிலச்சரிவுக்குப் பிறகும் அதே குரல் கேட்டது. மலையடிவாரத்தில் ஏன் வீடு கட்டினார்கள், ஆக்கிரமிப்புதானே என்றார்கள். இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் அதற்கு முந்தைய கேள்வியைக் கேட்பதில்லை. மேடான நிலம் யாரிடம் இருக்கிறது? செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரெமன்கீர் 1891இல் கொடுத்த அறிக்கையை அடுத்து, ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று ஒதுக்கப்பட்டவை பஞ்சமி நிலங்கள். அவற்றில் பெரும்பகுதி இன்று யார் கையில்? எங்கள் பகுதியில் எந்த ஊருக்குப் போனாலும் ஊர் மேட்டில் இருக்கிறது, காலனி ஏரிக்குக் கீழேயோ ஓடைக்கரையிலோ இருக்கிறது. தண்ணீர் பள்ளத்தைத் தேடிப் போகிறது. மக்களைப் பள்ளத்தில் குடியமர்த்தியது தண்ணீர் அல்ல.

அரசு எதுவுமே செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. காலநிலை மாற்றத்துக்கென்று தனி இயக்கம் கண்டு, முதலமைச்சர் தலைமையில் ஆட்சிமன்றக் குழு அமைத்து, மாவட்ட ஆட்சியர்களுக்கும் அதில் பொறுப்பு கொடுத்தது தமிழ்நாடு. ஃபெஞ்சலுக்கு இடைக்கால உதவியாக 2,000 கோடி ரூபாய் கேட்டபோது, ஒன்றிய அரசு விடுவித்தது 944.80 கோடி. அதுவும் மாநிலப் பேரிடர் நிதிக்கு எப்படியும் தர வேண்டிய பங்கு. இந்த வஞ்சனையை நாம் எதிர்க்க வேண்டும், எதிர்க்கிறோம்.

ஆனால் தில்லியின் வஞ்சனையைச் சொல்லி சென்னையின் கணக்கைக் கேட்காமல் விட முடியாது. 2024 டிசம்பர் 3 அன்று அறிவிக்கப்பட்ட ஃபெஞ்சல் நிவாரணத்தைப் பாருங்கள். பாசனப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய், இறந்த மாட்டுக்கு 37,500, சேதமான குடிசைக்கு 10,000. உடைமை எதுவும் காட்டாமல் குடும்பத்துக்கு 2,000 ரூபாய் என்பது விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி ஆகிய மூன்று மாவட்டங்களுக்கு மட்டும். ஏழு பேரைப் பறிகொடுத்த திருவண்ணாமலை மாவட்டம் அந்தப் பட்டியலில் இல்லை. குத்தகைக்கு உழுதவர், கூலிக்கு நெய்தவர், கூலிக்கு அள்ளியவர் எல்லோரும் பட்டியலுக்கு வெளியே நின்றார்கள்.

உழைப்பு இழப்பை எப்படிக் கணக்கிடுவது என்று கேட்கலாம். வழி ஏற்கெனவே இருக்கிறது. மீன்பிடித் தடைக்காலத்தின் 61 நாட்களுக்கு மீனவக் குடும்பத்துக்கு 8,000 ரூபாய் தருகிறது தமிழ்நாடு அரசு. மழைக்காலத்தில் உப்பு எடுக்க முடியாது என்பதால் உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் தருகிறது. படகு உடைந்ததா, பாத்தி அழிந்ததா என்று கேட்டுத் தருவதில்லை. வேலை நின்றது என்பதற்காகவே தருகிறது. நல்ல கொள்கை, போராடிப் பெற்ற கொள்கை. உப்பளத்தில் மழைக்கு வேலை நிற்கும் என்று ஏற்றுக்கொண்ட அரசு, தறிக்குழியிலும் நிற்கும் என்று ஏற்பதில் என்ன தடை? 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்ததும் இதே அரசுதான். மனம் இருந்தால் விதியை மாற்ற முடியும் என்பதற்கு அதுவே சாட்சி.

பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005இன் 61ஆவது பிரிவு, நிவாரணத்தில் சாதி, பாலினம், மதம் பார்த்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. சட்டத்தை எழுதியவர்கள், சோற்றுப் பொட்டலம் தருகிற இடத்தில் நடக்கும் பாகுபாட்டைத் தடுத்தால் போதும் என்று நினைத்திருக்கிறார்கள். பாகுபாடு பொட்டலத்துக்கு முன்பே, பட்டாவிலும் பதிவேட்டிலும் முடிந்துவிடுகிறது. எல்லோரிடமும் ஒரே படிவத்தைக் கொடுப்பது சமத்துவம் ஆகாது. பட்டா இல்லாதவரிடம் பட்டா கேட்கும் படிவம், சாதிப் பெயரை ஒரு முறைகூடச் சொல்லாமலேயே சாதியின் வேலையைச் செய்து முடிக்கிறது.

எனவே நாம் கேட்க வேண்டியவை இவை. மழையால் வேலை நிற்கும் நாட்களுக்கு நெசவாளர், நூல் இழைப்போர், தார் சுற்றுவோர், சாயத் தொழிலாளர் அனைவருக்கும் கூலி ஈடு. சங்கத்தில் உறுப்பினரா, தறி சொந்தமா என்று பாராமல் எல்லோருக்கும் தொழிலாளர் பதிவு. வாடகைதாரருக்கும் குத்தகையாளருக்கும் நேரடி நிவாரணம். மாவட்டக் காலநிலைத் திட்டத்தில் எந்தக் காலனி எந்த ஏரிக்குக் கீழே, எந்த ஓடைக்கரையில் இருக்கிறது என்ற வரைபடமும், அங்குள்ளவர்களுக்கு வாழ்கிற ஊருக்குள்ளேயே மேட்டு நிலத்தில் மனைப்பட்டாவும். ஒவ்வொரு பேரிடருக்குப் பிறகும் நிவாரணம் யாருக்குப் போனது என்ற சமூகவாரிப் புள்ளிவிவரம். இவற்றில் முதல் நான்கை அடுத்த புயலுக்கு முன்பே தொடங்கலாம்.

காலநிலை நீதி என்ற சொல்லை நம் தோழர்கள் பலர் கல்லூரிக் கருத்தரங்குகளில் பேசுகிறார்கள். மகிழ்ச்சி. அதைத் தெருவுக்குக் கொண்டுவர நாட்களும் இருக்கின்றன. அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய இரண்டு கிராம சபைகளும் பருவமழையை ஒட்டியே கூடுகின்றன. உங்கள் ஊர்க் காலனி மழைக்கு எங்கே ஒதுங்குகிறது, அங்கே யாருக்கெல்லாம் பட்டா இல்லை, மழையில் யாருக்கெல்லாம் வேலை நிற்கிறது என்று மூன்று பட்டியல்களை எடுங்கள். பெயர்களோடு எடுங்கள். கிராம சபையில் தீர்மானமாக வையுங்கள். மறுத்தால், மறுத்ததைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். திங்கட்கிழமைக் குறைதீர் நாளில் ஆட்சியர் மேசையில் அதே பட்டியலை வையுங்கள். அரசின் படிவத்தில் இல்லாத பெயர்களை நாம்தான் எழுத வேண்டும்.