நாய்த்தீனி விசாரணை: பேச்சை நிறுத்தியது ஏன்?

நாய்களின் இதயநோய்க்கும் தானியமில்லாத் தீனிக்கும் தொடர்பு உண்டா என்ற விசாரணையில், அறிவியல்பூர்வமாகப் பொருட்படுத்தத்தக்க புதுத் தகவல் கிடைக்கும்வரை பொதுமக்களுக்கு இனி எதுவும் அறிவிப்பதில்லை என்று அமெரிக்கக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் 2022 டிசம்பரில் எடுத்த முடிவு தவறானது. விசாரணை முடிந்துவிட்டதாக அவர்கள் சொல்லவில்லை. தீனியில் குறையில்லை என்றும் சொல்லவில்லை, குறை உண்டு என்றும் சொல்லவில்லை. நாய்க்கு எதைப் போடுவது என்று நான்கு ஆண்டுகளாக அவர்களின் அறிவிப்புக்குக் காத்திருந்த குடும்பங்களுக்கு அதற்குமேல் விடை கிடைக்கவில்லை.

2018 ஜூலையில் எச்சரிக்கை விடுத்தவர்களும் இதே அதிகாரிகள்தான். டைலேட்டட் கார்டியோமயோபதி என்ற அந்த இதயநோயில் இதயத் தசை மெலிந்து, அறைகள் விரிந்து, ரத்தத்தை வெளித்தள்ளும் வலு குறைந்துபோகிறது. டோபர்மேன், கிரேட் டேன் போன்ற பெரிய இனங்களுக்கு இது பரம்பரையாக வருவது கால்நடை மருத்துவர்கள் நெடுங்காலமாக அறிந்தது. கோல்டன் ரெட்ரீவர்களிலும் கலப்பின நாய்களிலும் தென்படத் தொடங்கியதுதான் கவலை தந்தது. 2019 ஏப்ரல் முடிய வந்த புகார்களில் 560 நாய்கள் இருந்தன. அவற்றில் 119 இறந்துபோயின. புகாரில் குறிப்பிடப்பட்ட தீனிகளில் 90 விழுக்காட்டுக்கு மேல் தானியமில்லாதவை. 93 விழுக்காட்டில் பட்டாணியோ மைசூர்ப் பருப்பு வகையோ சேர்ந்திருந்தது. அந்த ஆண்டு ஜூனில், அதிகம் குறிப்பிடப்பட்ட 16 பிராண்டுகளின் பெயர்களையும் அதிகாரிகளே வெளியிட்டார்கள். 2022 நவம்பர் தொடக்கத்தில் நாய்கள் பற்றிய புகார்களின் எண்ணிக்கை 1,382 ஆனது. அடுத்த மாதமே இந்த முடிவு வந்தது.

புகார்களின் எண்ணிக்கை மட்டுமே ஒரு தீனியைக் காரணமென்று நிறுவிவிடாது என்பது அதிகாரிகளின் வாதம். அது உண்மைதான். செய்தி பரவினால் புகார் கூடும். எக்கோ பரிசோதனைக்குப் போகாத நாய்கள் எந்தக் கணக்கிலும் வராது. டாரின் என்ற அமினோ அமிலம் குறைந்ததுதான் காரணம் என்றால், அது போதிய அளவு இருந்த நாய்களும் நோயுற்றிருக்கின்றன. ஆனால் எண்ணிக்கை போதாது என்றால், கூடுதல் விவரம் தருவதுதான் முறை. எந்த இனம், என்ன வயது, எத்தனை மாதம் எந்தத் தீனி, தீனியை மாற்றி மருந்து கொடுத்தபின் இதயம் தேறியதா என்பவற்றை மருத்துவர்களும் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் உடனுக்குடன் ஒப்பிட்டுப் பார்த்தால்தான் காரணம் துலங்கும். பூனைகளின் இதயநோய்க்குக் கடைத் தீனியில் டாரின் போதாமையே காரணம் என்று 1987-இல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் பால் பயோனும் அவரது குழுவினரும் கண்டறிந்தது, நோயுற்ற பூனைகளைப் பரிசோதித்து அவற்றின் உணவோடு பொருத்திப் பார்த்ததால்தான். உற்பத்தியாளர்கள் டாரின் அளவை உயர்த்தினார்கள். பூனைகளிடையே அந்த நோய் அரிதாகிப்போனது. புதுத் தகவல் வந்தால் பேசுவோம் என்பவர்கள், அந்தத் தகவல் உருவாகும் வழியைத்தான் இப்போது குறுக்கியிருக்கிறார்கள்.

பெயர் வெளியான 16 பிராண்டுகளுக்கும் இதில் அநியாயமே நடந்திருக்கிறது. குற்றமில்லையென்றால் அவை விடுவிக்கப்படவில்லை. குற்றமிருந்தால் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்படவும் இல்லை.

மக்களுக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விடுவது இந்த அதிகாரிகளுக்குப் புதிதல்ல. 2007 மார்ச்சில் மெனு ஃபூட்ஸ் நிறுவனம் 6 கோடிக்கும் மேற்பட்ட தீனி டப்பாக்களையும் பைகளையும் திரும்பப் பெற்றது. சீனாவிலிருந்து வந்த கோதுமைப் புரதத்தில் மெலமைன் கலந்திருந்தது. புரதத்தை நைட்ரஜனைக் கொண்டு அளக்கும் சோதனையை ஏமாற்றவே நைட்ரஜன் மிகுந்த அந்த ரசாயனம் சேர்க்கப்பட்டது. அது சயனூரிக் அமிலத்தோடு சேர்ந்து நாய், பூனைகளின் சிறுநீரகத்தில் படிகமாகி அடைத்தது. ஆயிரக்கணக்கான புகார்கள் குவிந்தன. அந்த ஆண்டு செப்டம்பரில் வந்த சட்டம், தீனியில் சேரும் பொருள்களுக்கான தர வரையறைகளை 2 ஆண்டுகளில் வகுக்கும்படி இதே அதிகாரிகளுக்கு ஆணையிட்டது. கெடு 2009-இல் முடிந்தது. வரையறை வரவில்லை. 2018-இல் வேறொரு சட்டத்தின் வழியாக அந்தக் கடமையே நீக்கப்பட்டது.

வெட்டப்படாமல் தானாகச் செத்த விலங்கின் இறைச்சி கலப்படமாகவே கருதப்படும் என்று அமெரிக்கச் சட்டம் சொல்கிறது. அப்படிச் செத்த விலங்குகளைக் கொதிக்கவைத்துத் தயாரிக்கும் தீனிப்பொருள்மீது நடவடிக்கை எடுப்பதில்லை என்று அதிகாரிகளின் வழிகாட்டுதல் பல ஆண்டுகள் சொல்லிவந்தது. 2019-இல்தான் அது விலக்கப்பட்டது. கருணைக்கொலைக்குப் பயன்படும் பென்டோபார்பிடால் நாய்த்தீனியில் கலந்திருப்பதை அவர்களின் சொந்த ஆய்வே 1998-லும் 2000-லும் எடுத்த மாதிரிகளில் கண்டது. அளவு குறைவு, தீங்கு நேராது என்று அன்று முடித்துக்கொண்டார்கள். 2017-லும் 2018-லும் அதே மருந்து தீனி டப்பாக்களில் மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டது. வரையறை வகுக்காதவர்கள், சட்டம் தடுத்ததை அனுமதித்தவர்கள், தங்கள் ஆய்வு காட்டிய கேட்டைத் தொடராதவர்கள், இன்று இதயநோய் விசாரணையிலும் தங்கள் பேச்சை நம்பிக் காத்திருக்கச் சொல்ல எந்தத் தகுதியும் இல்லாதவர்கள்.

நாய்க்குத் தன் தீனியைத் தேர்ந்துகொள்ளும் வாய்ப்பில்லை. அதை வாங்குபவரோ பையில் அச்சிட்டதையும் அரசு சொல்வதையும் மட்டுமே நம்ப முடியும். விசாரணையில் சேர்ந்த விவரங்கள் அனைத்தும் மீண்டும் பொதுப்பார்வைக்கு வர வேண்டும். தீனியில் சேரும் பொருள்களுக்கு யாராவது பொறுப்பேற்கும் ஏற்பாடும் வேண்டும். அதை எந்த வடிவில் செய்வது என்பதை அதிகாரிகளே வகுக்கட்டும், இந்த முறை கெடு தவறாமல்.