எட்டு ஒன்பதாகலாமா?



இராமநாதபுரத்திலிருந்து இராமேசுவரம் செல்லும் வழியில் இருக்கிறது உச்சிப்புளி. அதன் வடக்கே பாக் விரிகுடா. தெற்கே மன்னார் வளைகுடா. இக்கடல்களில் செல்லும் விசைப்படகுகள் பலவற்றில் இடங்காட்டும் ஜி.பி.எஸ். கருவியும் ஆழங்காட்டும் எக்கோ சவுண்டரும் உண்டு. வெவ்வேறு கம்பெனிகள் செய்த இத்தகைய கருவிகளை இணைத்தால், அவை எந்த மொழியில் பேசிக்கொள்ளும்?

ஒரு ஜோடிக் கம்பியில் மின் துடிப்புகள் எறும்புச் சாரிபோல ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும். இதுவே தொடர்வரிசை முறை. இதற்கென 1983-இல் வெளியான பொது விதிமுறை என்.எம்.இ.ஏ. 0183. இதில் வேகம் வினாடிக்கு 4800 பிட். எழுத்து தொடங்குவதை அறிவிக்க 1 பிட், எழுத்துக்கு 8, முடிவுக்கு 1, ஆகப் பத்து. எனவே வினாடிக்கு 480 எழுத்துகள் போகும். கேட்கும் கருவி வேறு வேகத்தில் இருந்தால் கிடைப்பது உளறல்தான்!

8 என்ற இலக்கத்தின் பிட் குறியீடு 00111000. 9 என்பது 00111001. ஒரே ஒரு பிட் வேறுபாடு. அட்சரேகை 9 டிகிரி 18 நிமிடம் என்பது 19 நிமிடமாகிவிட்டால், படகின் இடம் ஏறத்தாழ 1.8 கிலோமீட்டர் தள்ளிக் காட்டும். இலங்கையுடன் 1974, 1976 ஒப்பந்தங்கள் வகுத்த கடல் எல்லைக்கு அருகே இது சிறு பிழையா? ஆகவேதான் செய்தியின் இறுதியில் ஒரு சரிபார்ப்பு எண் சேர்க்கிறார்கள். பெறும் கருவி தானும் கணக்கிட்டுப் பார்க்கும். எண் ஒத்துவராவிட்டால் செய்தியைத் தள்ளிவிடும்.

நம் அறிவியல் கண்காட்சிகளில் ஆயத்தக் கருவிகளை இணைத்து, யாரோ எழுதிய நிரலை ஏற்றி, விளக்கு எரிந்ததும் கைதட்டுகிறோம். கம்பியில் என்ன போயிற்று என்று கேட்பதில்லை. இது போதாது என்பது என் கருத்து. கருவியைத் தொடுமுன் இந்த உடன்பாட்டைக் கையால் செய்து பழக வேண்டும்.

டார்ச் செல், சுவிட்ச், பல்பு, சில மீட்டர் கம்பி போதும். வினாடிக்கு ஒரு பிட் என நண்பருடன் பேசிவைத்து 8-ஐயும் 9-ஐயும் அனுப்புங்கள். பிறகு சொல்லாமல் வேகத்தை மாற்றுங்கள். அவர் எழுதியதைப் பாருங்கள். அடுத்து, பல்பு எரிந்த தடவைகள் எப்போதும் இரட்டைப்படையாக வரும்படி கடைசியில் ஒரு பிட் சேருங்கள். ஒரே ஒரு பிட் மாறினால் பிழை பிடிபடும்.

"விலைக்கு வாங்கும் கருவியே இதையெல்லாம் செய்யுமே!" என்பீர்கள். செய்யும். ஆனால் கடலில் அது மௌனமாகிவிட்டால், கோளாறு கம்பியிலா, வேகத்திலா, கருவியிலா என்று தேடத் தெரிந்த ஒருவர் வேண்டும். அவர் உங்கள் வகுப்பிலிருந்து வரட்டுமே!