ஊரப்பாக்கம் மொட்டைமாடியில் ஒரு நெபுலா

"நெபுலாவை படம் பிடிக்கணும்னா ஹான்லே போகணும், குறைஞ்சபட்சம் காவலூராவது போகணும்." டெலஸ்கோப் ஆசை வந்த எந்தச் சென்னைவாசியும் முதலில் கேட்கிற அறிவுரை இதுதான். தாம்பரம் தாண்டி ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி என்று ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி இருப்பவர்களுக்கு இது இன்னும் அழுத்தமாகச் சொல்லப்படும். விளைவு? நிலாவைப் பார்த்து, சனி வளையத்தைப் பார்த்து, வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்களுக்கும் காட்டி முடித்த பிறகு டெலஸ்கோப் பரணுக்குப் போய்விடும்.

இந்த அறிவுரை பாதிதான் சரி. அந்தப் பாதி எது என்று யாரும் பிரித்துச் சொல்வதில்லை என்பதுதான் கோளாறு.

ஹான்லே லடாக்கில், சுமார் 4500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காவலூர் ஜவ்வாது மலையில். வைணு பாப்பு பெயரிலான ஆய்வகமும் அதன் 2.34 மீட்டர் டெலஸ்கோப்பும் அங்கேதான். அவற்றோடு ஒப்பிட்டால் ஊரப்பாக்கம் வானம் வானமே இல்லை. சரி. ஆனால் நெபுலா போட்டோகிராபி மலை உச்சியிலா பிறந்தது? 1880 செப்டம்பர் 30-ம் தேதி ஓரியன் நெபுலாவை முதன்முதலில் படமெடுத்த ஹென்றி டிரேப்பர் ஒரு டாக்டர். இரண்டு வருஷம் சொச்சம் கழித்து, 1883 ஜனவரியில், அதைவிடப் பல மடங்கு நல்ல படத்தை எடுத்த ஆண்ட்ரூ காமன் ஒரு சுகாதார இன்ஜினியர். கண்ணால் எந்த டெலஸ்கோப்பிலும் பார்க்க முடியாத நட்சத்திரங்கள் அந்தப் படத்தில் விழுந்திருந்தன. எடுத்த இடம் ஈலிங். லண்டனின் புறநகர், அவர் வீட்டுத் தோட்டம்! லண்டனுக்கு ஈலிங் எப்படியோ, ஏறக்குறைய அப்படித்தான் சென்னைக்கு ஊரப்பாக்கம்.

ஒரு விஷயத்தில் ஊரப்பாக்கம் ஈலிங்கை விட ஒசத்தி. லண்டனில் ஓரியன் நெபுலா அதிகபட்சம் 33 டிகிரி உயரம்தான் ஏறும். இங்கே 72 டிகிரி, கிட்டத்தட்ட தலைக்கு நேர் மேலே. காமன் இங்கிருப்பவரைவிட ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்கு கனமான காற்றுப் படலத்தைத் தாண்டித்தான் அதைப் பிடித்தார். லண்டனில் உதிக்கவே உதிக்காத கரீனா நெபுலாகூட மார்ச், ஏப்ரல் இரவுகளில் இங்கே தெற்கே 17 டிகிரி வரை எழும்பும் (எதிர் வீட்டுக்காரர் இன்னொரு மாடி கட்டாமல் இருந்தால்).

காமனுக்கு இருந்து இங்கே இல்லாதது ஒன்றே ஒன்று. இருட்டு.

கேமரா சென்சார் வந்த வெளிச்சத்தை எல்லாம் சேர்த்துக்கொண்டே போகும். நெபுலா வெளிச்சம், தெருவிளக்கு வெளிச்சம் என்று அதற்குப் பேதம் தெரியாது. அதனால்தான் ஒரே நீண்ட எக்ஸ்போஷராக எடுக்காமல், 30 வினாடிப் படங்களாக 240 எடுத்து, ஸ்டாக்கிங் மென்பொருளில் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்குகிறார்கள். மொத்தம் 2 மணி நேர வெளிச்சம். நாலு மடங்கு படம் சேர்த்தால் இரைச்சல் பாதியாகும். வானம் வெளுத்திருந்தால் அதே தரத்துக்கு இன்னும் எத்தனையோ இரவுகள் வேண்டும். வானம் இருட்டாகாது, பொறுமையால்தான் ஈடுகட்ட வேண்டும்.

பொறுமையைத் தவிர ஒரு குறுக்கு வழியும் உண்டு. ஓரியன், ரோசெட், லகூன் போன்ற நெபுலாக்கள் குழல்விளக்கு மாதிரி, தாமே ஒளிரும் வாயு. ஹைட்ரஜன் 656.3 நானோமீட்டரில் சிவப்பாக, ஆக்ஸிஜன் 500.7-ல் பச்சையாக, குறிப்பிட்ட சில அலைநீளங்களில் மட்டும் ஒளிரும். 656.3-ஐச் சுற்றி 7 நானோமீட்டர் அகலத்தை மட்டும் விடும் பில்டரை மாட்டினால், கண்ணுக்குத் தெரியும் நிறமாலையில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்குதான் உள்ளே வரும். ஆனால் ஹைட்ரஜனின் அந்தச் சிவப்பு ஏறக்குறைய முழுசாக வந்துவிடும். அதைக் கொண்டு ஊரப்பாக்கம் மாடியிலிருந்தும் நெபுலாவை எடுக்கலாம். தாராளமாக எடுக்கலாம். (சாதா டி.எஸ்.எல்.ஆர். கேமராக்களுக்குள் இருக்கும் பில்டர் இந்தச் சிவப்பில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். அதை எடுத்துவிட்டு மாற்றியமைத்த கேமரா வேண்டும்.)

அறிவுரையின் சரியான பாதி இப்போதுதான் வருகிறது. கார்த்திகை நட்சத்திரங்களைச் சுற்றி ஒரு நீலப் புகை உண்டு. அது தானாக ஒளிர்வதில்லை, நட்சத்திர வெளிச்சத்தைப் பிரதிபலிக்கும் வெறும் தூசி. அதன் ஒளி எல்லா நிறத்திலும் பரவிக் கிடப்பதால் எந்தப் பில்டரும் பிரித்துத் தராது. ஆண்ட்ரோமெடா மாதிரி காலக்ஸிகளின் கதையும் இதேதான். அதற்கெல்லாம் மலையேறித்தான் ஆகவேண்டும். திருவாதிரைப் பக்கம் மாடியிலிருந்து, கார்த்திகைப் பக்கம் காட்டிலிருந்து. இவ்வளவுதான் கணக்கு.

திருவாதிரை என்றதும் ஒரு எச்சரிக்கை. ஆருத்ரா தரிசனத்தன்று ஓரியனைப் படமெடுக்க உட்காரக் கூடாது. மார்கழித் திருவாதிரை பௌர்ணமியை ஒட்டி வருவதால், நிலா முழுசாக ஓரியனுக்குப் பக்கத்திலேயே நிற்கும். சாமிக்கு நல்ல நாள், கேமராவுக்கு ஆகாத நாள்.

காசு விஷயம். கையில் இருப்பதை எல்லாம் பெரிய டெலஸ்கோப்பில் கொட்டுவது இங்கே பலர் செய்யும் தவறு. பூமி ஒரு வினாடிக்கு 15 ஆர்க்செகண்ட் சுற்றுகிறது. அதைச் சரியாகத் துரத்தும் மவுண்ட் இல்லையென்றால் நட்சத்திரங்கள் எல்லாம் கோடு கோடாக விழும். சின்ன லென்ஸும் நல்ல மவுண்டும் போதும். நல்ல மவுண்ட் ஒரு பைக் விலை ஆகும் என்பது வேறு கதை. அந்த மவுண்டின் அச்சைத் துருவ நட்சத்திரத்தை நோக்கித் திருப்ப வேண்டும். ஊரப்பாக்கத்தில் துருவ நட்சத்திரம் இருப்பது வெறும் 13 டிகிரி உயரத்தில், வடக்கே. வடக்கே என்றால் கிளாம்பாக்கம், வண்டலூர், தாம்பரம், அதற்கு மேல் மொத்தச் சென்னை! பல மவுண்ட்களில் இவ்வளவு தாழ்வான கோணத்தில் எதிர் எடை முக்காலியின் காலில் போய் இடிக்கும். நட்சத்திரமே தெரியாவிட்டாலும் படத்தை வைத்துத் திசை கண்டுபிடிக்கும் மென்பொருள் இப்போது இருக்கிறது. அதைப் பழகிக்கொள்வதே உத்தமம்.

ஆனால் பில்டரும் மென்பொருளும் இருக்கிறதே என்று வெளிச்சத்தை அப்படியே விட்டுவிடலாமா? பழைய சோடியம் விளக்குகளின் ஒளி 589 நானோமீட்டரைச் சுற்றியே அதிகமாக இருந்ததால் சாதாரண பில்டரே அதில் ஒரு பங்கைத் தடுத்தது. 2015-ல் மத்திய அரசின் தெருவிளக்குத் திட்டம் வந்த பிறகு நாடு முழுக்க எல்.இ.டி. பரவியது. கரண்ட் மிச்சம், நல்லது. ஆனால் வெள்ளை எல்.இ.டி. எல்லா நிறத்திலும் கொட்டுகிறது, நீலத்தில் கூடுதலாக. 2023 டிசம்பர் 30-ல் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தது. ராத்திரி ரெண்டு மணிக்கு மூட்டையோடும் குழந்தையோடும் இறங்குகிறவருக்கு வெளிச்சம் வேண்டாம் என்று எந்த வானியல் ரசிகரும் சொல்ல முடியாது, சொன்னால் அது திமிர். கேட்க வேண்டியது ஒன்றுதான்: அந்த வெளிச்சம் அவர் காலடியில் விழட்டும். பக்கவாட்டிலும் மேலேயும் போகிற வெளிச்சத்தால் எந்தப் பயணிக்கும் பிரயோஜனம் இல்லை, அதற்கும் கரண்ட் பில் வருகிறது. கீழ்நோக்கி மூடிய விளக்கும், நீலம் குறைந்த மஞ்சள் எல்.இ.டி.யும் ராக்கெட் விஞ்ஞானம் அல்ல, கடையில் கிடைப்பவை.

இதே சென்னையில், நுங்கம்பாக்கத்தில், 1792-லேயே வானாய்வுக்கூடம் இருந்தது. அங்கே வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-ல் ஆர் ரெட்டிகுலி என்ற மாறுவிண்மீனைக் கண்டுபிடித்தார். தெற்கே 14 டிகிரிக்கு மேல் ஏறாத ஒரு மங்கல் நட்சத்திரம் அது. இன்றைக்கு அதே இடத்தில் நின்று அந்தத் திசையில் நாலு நட்சத்திரத்தை எண்ணிவிட்டால் பெரிய விஷயம்.

"ஹப்பிள் படம் ஓசியில் கிடைக்கும்போது இது எதுக்கு?" என்று ஒரு கேள்வி எப்போதும் வரும். ஹப்பிள் படத்தில் ஊரப்பாக்கம் வானம் இருக்காது. மாடியில் பில்டர் இல்லாமல் எடுத்த படத்தில் நெபுலாவோடு பின்னணி வெளிச்சமும் பதிவாகிறது. அதை ஒரு எண்ணாகவே படித்துக்கொள்ளலாம். அதே கேமரா, அதே லென்ஸ், அதே ஐ.எஸ்.ஓ., அதே 30 வினாடி. வருஷா வருஷம் தை அமாவாசை இரவு ஒன்பது மணி வாக்கில், ஓரியன் உச்சிக்கு வரும்போது ஒரு படம். ஐந்து வருஷம் எடுத்தால் ஐந்து எண்கள். விளக்குகளுக்கு மூடி கேட்டு பஞ்சாயத்தில் மனு கொடுப்பவர் கையில் அந்த ஐந்து எண்களும் இருக்கட்டும்.