பாட்டிலை மோந்து பார்த்தால் போதுமா?

திங்கட்கிழமை திருநெல்வேலி கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸுக்கு மனு கொடுக்க வருகிறவர், வாசலில் முதலில் பையைத் திறந்து காட்ட வேண்டும். தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகி, மோந்து பார்த்துவிட்டுத்தான் போலீஸார் உள்ளே விடுகிறார்கள். 2017 அக்டோபர் 23 அன்று, கந்துவட்டிக் கொடுமை தாங்காமல் தென்காசிப் பக்கத்துக் கூலித் தொழிலாளி ஒருவரின் குடும்பம் இரண்டு சின்னப் பெண்பிள்ளைகளோடு இதே வளாகத்தில் தீக்குளித்தது. நால்வரில் ஒருவரும் பிழைக்கவில்லை. அதன் பிறகு வந்த கெடுபிடி இது. வேண்டியதுதான். ஆனால் பாட்டிலுக்கு இருக்கிற கவனிப்பு, அதைக் கொண்டுவருகிற ஆளுக்கு இல்லை.

மனு எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. ‘பெறுநர்’ என்று தொடங்கி ‘ஆவன செய்யுமாறு’ என்று முடிகிற தாளில் அடங்காத சங்கதிகளை அன்றாடம் கேட்கிறேன். மானூர்ப் பக்கத்திலிருந்து பட்டா விஷயமாக ஒரு அம்மா வந்தார். சர்வே நம்பரைக் கேட்டால், “ராத்திரி உறக்கமே வரமாட்டேங்கு அண்ணாச்சி, கெணத்துப் பக்கம் போவவே பயமா இருக்கு” என்கிறார். அதை எந்தப் பத்தியில் எழுத? கூட வந்த தங்கச்சியைத் தனியே கூப்பிட்டு, “ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில் மனநல டாக்டர் இருக்கார், இன்னைக்கே கூட்டிட்டுப் போம்மா” என்றேன். “எங்க அக்கா என்ன லூசா?” என்று முறைத்தாள்.

இந்தத் தங்கச்சிகளுக்குத்தான் விழிப்புணர்வு வேண்டும். நடப்பதென்ன? அக்டோபர் 10 உலக மனநல நாள் என்றால் கல்லூரிப் பிள்ளைகள் பதாகை பிடிக்க, அதிகாரி ஒருவர் கொடியசைக்க, உறுதிமொழியோடு பேரணி கலைந்துவிடும். தமிழகத்தையும் சேர்த்து 12 மாநிலங்களில் 2015-16இல் நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநல ஆய்வில், பெரியவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு மனநலக் கோளாறு இருந்தது. கோளாறுக்குத் தக்கபடி 70 முதல் 92 சதவீதம் பேர் வரை சிகிச்சைக்கே போகவில்லை. கடனோடும் வழக்கோடும் நிற்கிற எங்கள் திங்கட்கிழமை வரிசையில் அந்தப் பத்து கூடத்தான் செய்யும், குறையாது.

2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, போலீஸாருக்கும் அரசு அலுவலர்களுக்கும் இதுபற்றி அவ்வப்போது பயிற்சி தரச் சொல்கிறது. உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது 115ஆம் பிரிவு. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவோ பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவைக் கைவிட்டுவிட்டு, அரசு ஊழியரைப் பணியவைக்க அப்படி முயன்றால் ஓராண்டு வரை சிறை என்று 226ஆம் பிரிவில் வைத்திருக்கிறது. கலெக்டர் ஆபீஸ் வாசலில் நிற்கிற ஏட்டையாவுக்கு இதில் எது முதலில் ஞாபகம் வரும்?

மாவட்ட மனநலத் திட்டத்தில் மருத்துவரும் உளவியலாளரும் சமூகப் பணியாளரும் இருக்கிறார்கள். திங்கட்கிழமை மட்டும் ஒருவரை இங்கே உட்கார வையுங்கள். ‘மனநல ஆலோசனை’ என்று போர்டு மட்டும் வேண்டாம், ஒரு குஞ்சு எட்டிப்பார்க்காது. ‘உறக்கம் வராதவர்கள், படபடப்பு உள்ளவர்கள் இங்கே பேசலாம்’ என்று எழுதினால் போதும். மேசையில் பிரஷர் பார்க்கிற மிஷின் ஒன்று இருக்கட்டும். பிரஷர் பார்க்க வருகிற ஆள் தானாகப் பேச்சுக் கொடுப்பார். மனநல உதவிக்கு 14416 என்ற எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. அதை மனு ரசீதிலேயே அச்சடிக்கலாம். பேரணி நோட்டீஸைக் கசக்கிப் போடுகிற எங்கள் ஜனம், மனு ரசீதை ஆதார் அட்டையோடு சேர்த்து வருஷக்கணக்கில் பத்திரப்படுத்தும்.

கவுன்சலிங் கொடுத்தால் கடன் தீருமா என்று கேட்பார்கள். தீராது. கந்துவட்டிக்காரன் மீது 2003ஆம் வருஷச் சட்டப்படி வழக்குப் போட வேண்டியது போலீஸின் வேலை. அதைச் செய்யாமல், வட்டி கட்டுகிறவனுக்கு மனதைத் தேற்றிக்கொள்ள மட்டும் சொல்லிக் கொடுத்தார்களென்றால், அதை எதிர்த்து யாருக்கு வேண்டுமானாலும் மனு எழுதித் தருவேன். காசு வேண்டாம்.