ஊர்ப் போக்குவரத்தும் மாணவர் கடமையும்

ஓர் ஊரின் நாகரிகத்தை அதன் மாடமாளிகைகளைக் கொண்டு மதிப்பிடுவார் பலர். அவ்வூரிலுள்ள ஏழை ஒருவன் காலையில் தன் இல்லத்தினின்றும் புறப்பட்டு, வேலை முடித்து, மாலையில் மீள்வதற்கு எவ்வளவு வருந்துகின்றான் என்பதைக் கொண்டு மதிப்பிடுதலே தக்கது என்பது எமது கருத்து. அவ்வளவுகோலைக் கையிற் கொண்டு நம் நகர வீதிகளில் நின்று பார்ப்போமாயின், பெருமிதமும் நாணமும் ஒருங்கே தோன்றும். நாணம் தோன்றும் இடத்தில் மாணவராகிய நாம் செய்யத்தக்கது யாது என்பதைக் குறித்துச் சில சொற்கள் கூற விழைகின்றோம்.

பஸ் வாராமையைப் பற்றிப் பேசாத மாணவர் நம் கல்லூரியில் ஒருவரேனும் உளரா? நிறுத்தத்தில் நில்லாமல் விரையும் வண்டியைப் பற்றியும், நிழலில்லாத நிறுத்தத்தைப் பற்றியும், நடைபாதையை அடைத்து நிற்கும் மோட்டார் சைக்கிள்களைப் பற்றியும் நாம் நாள்தோறும் முறையிடுகின்றோம். ஆனால் யாரிடம் முறையிடுகின்றோம்? நம்மைப் போலவே வெயிலில் நிற்கும் தோழரிடம். அவர் நம்மிடம் முறையிடுகின்றார். பஸ் வந்ததும் இருவரும் ஏறிக்கொண்டு குறையை மறந்துவிடுகின்றோம். கேட்க வேண்டியவர் செவியில் அது விழுவதேயில்லை.

அவர் செவியில் விழுவதற்கு வழி இல்லாமற் போகவில்லை. 1992ஆம் ஆண்டில் நிறைவேறிய அரசியல் சட்டத்தின் 74ஆம் திருத்தம், மூன்று லட்சமும் அதற்கு மேலும் ஜனத்தொகையுள்ள நகரங்களில் வார்டுக் குழுக்கள் அமைதல் வேண்டும் என விதித்தது. அத்திருத்தத்தால் சேர்க்கப்பட்ட பன்னிரண்டாம் அட்டவணையில், நகர ஸ்தாபனங்களுக்கு ஒப்புவிக்கத்தக்க பதினெட்டு விஷயங்கள் கூறப்பட்டுள்ளன. சாலைகளும் பாலங்களும் அவற்றுள் அடங்கும். தெரு விளக்குகளும், வண்டி நிறுத்துமிடங்களும், பஸ் நிறுத்தங்களும் அடங்கும். தமிழ்நாட்டில் வார்டுக் குழுவுக்கும் பகுதி சபைக்கும் உரிய விதிகள் 2022ஆம் ஆண்டில் வெளியாயின. அவ்வாண்டு நவம்பர் முதல் நாள் பகுதி சபைகள் கூடின. ரயில்வேயிலோ மண்டலத்துக்கொன்றும் கோட்டத்துக்கொன்றுமாகப் பிரயாணிகள் ஆலோசனைக் கமிட்டிகள் உள்ளன. ஆதலின், கதவு இல்லை என்பார் கூற்று பொருந்தாது. கதவைத் தட்டுவார் குறைவு என்பதே உண்மை.

இவ்வழக்கம் நம் நாட்டிற்குப் புதியதன்று. காஞ்சிபுரத்தை அடுத்த உத்தரமேரூர்க் கல்வெட்டுக்களை நம் வகுப்பில் பயின்றோம். முதற் பராந்தக சோழன் காலத்தில், 919ஆம் ஆண்டிலும் 921ஆம் ஆண்டிலும் பொறிக்கப்பட்ட அவை, ஏரிக்கு ஒரு வாரியமும் தோட்டத்துக்கு ஒரு வாரியமுமாக ஊரார் குடவோலையால் தேர்ந்தெடுத்த முறையை விரித்துரைக்கின்றன. வாரியத்தார் முந்நூற்றறுபது நாள் பணி செய்து விலகுவர். முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் அமர்தல் இயலாது. அவர்தம் உறவினரும் அமர்தல் இயலாது. எனினும் அச்சபையில் இடம் பெறுவதற்கு முப்பத்தைந்து வயது நிரம்புதல் வேண்டும். இறை செலுத்தும் நிலமும் சொந்த மனையும் இருத்தல் வேண்டும். பத்தொன்பது வயதினரும் நிலமற்றவருமாகிய எம்மனோர்க்கு அங்கே வாயிலிலும் இடம் கிடைத்திராது. இக்காலத்திலோ, 61ஆம் திருத்தம் வாக்குரிமை வயதை இருபத்தொன்றினின்றும் பதினெட்டாகக் குறைத்தது. சோழர் காலத்து ஊரார்க்குக் கிட்டாத உரிமை நமக்குக் கிட்டியிருக்கின்றது. அதனைப் பெட்டியிற் பூட்டி வைப்பது முறையோ?

ரயில்வே ஆலோசனைச் சபைகளின் வரலாறும் அறியத்தக்கது. மூன்றாம் வகுப்புப் பிரயாணிகள் படும் துன்பத்தைக் காந்தியடிகள் 1917ஆம் ஆண்டில் எழுதி வெளியிட்டார். அதன் பின்னர் 1920ஆம் ஆண்டில் ஆக்வர்த் என்பாரின் தலைமையில் ரயில்வே விசாரணைக் கமிட்டி ஒன்று அமைந்தது. நம் வலங்கைமான் ஸ்ரீநிவாச சாஸ்திரியார் அதில் ஓர் அங்கத்தினராய் இருந்தார். ரயிலை நடத்துவோர் பொதுஜனங்களின் கருத்தைக் கேட்டறியும்பொருட்டு ஆலோசனைச் சபைகள் வேண்டும் என அக்கமிட்டி கூறிற்று. அந்நிய ஆட்சியிலேயே அவ்வளவு பெறக்கூடுமாயின், நம் ஆட்சியில் நாம் வாளாவிருத்தல் தகாது.

இனி எமது அநுபவத்தைக் கூறுவோம். அஃது எமக்குப் பெருமை தருவதன்று.

எம் வகுப்பில் கண்பார்வையற்ற தோழர் ஒருவர் பயில்கின்றார். இலக்கணத்தில் அவரை விஞ்சுவார் எம்முள் இல்லை. கல்லூரி வாயிலினின்றும் பஸ் நிறுத்தம் எத்தனை அடி என்பதை அவர் எண்ணி வைத்திருந்தார்; துணையின்றிச் செல்வார், துணையின்றி வருவார். சென்ற ஆண்டு சாலை வேலையின் பொருட்டு அந்நிறுத்தம் எதிர்ப்புறத்தில், நெடுந்தொலைவிற்கு அப்பால் மாற்றப்பட்டது. அன்று முதல் அவர் யாரேனும் ஒருவருடைய கையைப் பற்றியே சாலையைக் கடக்க வேண்டியவரானார். மாலையில் நூல் நிலையத்தில் தங்குவதையும் விட்டார். இருட்டிய பின் கை கொடுப்பார் கிட்டுவதரிது என்பதே காரணம். அவ்வாண்டின் ஒரு பருவம் முழுவதும் நாம் அவருக்காக வருந்தினோம், வருந்தியதோடு நின்றோம்.

பின்னர் எம்முள் நால்வர் துணிந்து, அவ்வட்டாரப் பகுதி சபை கூடிய நாளில் அங்குச் சென்றோம். வன்மையாகப் பேசினோம். கைதட்டலும் கிடைத்தது. அதன் பின் உத்தியோகஸ்தர் ஒருவர் அமைதியாக வினவினார்: “அந்நிறுத்தத்தில் மாலையில் எத்தனை பேர் ஏறுகின்றனர்? எத்தனை வண்டிகள் நிற்காமற் செல்கின்றன? சாலையைக் கடப்பவர் மிகுதியாக இருக்கும் நேரம் யாது?” நாங்கள் நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். ஈராண்டாக நாள்தோறும் நின்ற இடத்தைப் பற்றி எமக்கு ஒன்றும் தெரிந்திலது. அப்பொழுது நிறுத்தத்தருகே காய்கறி விற்கும் பாட்டியார் ஒருவர் எழுந்தார். “ஐயா, நான் சொல்லுகிறேன்” என்று தொடங்கி, எந்த எண்ணுள்ள வண்டி எப்பொழுது வரும், எது நிற்கும், எது நில்லாது, பெண்கள் காசில்லாமல் ஏறும் வண்டிக்காக எவ்வளவு நேரம் காத்திருக்கின்றனர் என்பவற்றையெல்லாம் ஏட்டைப் பார்த்துப் படிப்பவர் போல ஒப்பித்தார். உத்தியோகஸ்தர் தம் புத்தகத்தை எடுத்து எழுதத் தொடங்கினார். எமது சொற்பொழிவில் ஒரு வரியையேனும் அவர் எழுதவில்லை.

அவமானம் நல்லாசான். அடுத்த வாரம் ஐந்து மாலைகள் நோட்டுப் புத்தகமும் கடிகாரமுமாக அந்நிறுத்தத்தில் நின்று எண்ணினோம். எண்ணியதை ஒரே தாளில் எழுதிக் கொடுத்தோம். சில திங்கள் கழித்துச் சாலையைக் கடக்கும் இடத்தில் வெள்ளைக் கோடுகள் தீட்டப்பட்டன. மாலை வேளையில் ஒரு காவலரும் நிற்கலானார். நிறுத்தம் மட்டும் பழைய இடத்துக்கு இன்னும் திரும்பவில்லை.

இச்செய்தியை வெற்றிச் செய்தியாக எம் தோழரிடம் கூறினோம். அவர் மகிழ்ந்தார். பின்னர்ச் சிறிது நேரம் சும்மா இருந்து, “எனக்காகப் பேசினீர்கள், நன்றி. என்னை ஏன் உடன் அழைத்துச் செல்லவில்லை?” என்றார். எம்மால் விடை கூற இயலவில்லை. வெள்ளைக் கோடு பார்வையுள்ளார்க்கே பயன்படும் என்பதும், தமக்கு வேண்டுவது ஓசையிடும் சைகை விளக்கும் மேடுபள்ளமற்ற நடைபாதையும் என்பதும் அவர் கூறிய பின்னரே எமக்குப் புலனாயின. அவருடைய கையைப் பற்றிச் சாலையைக் கடத்துவித்த நாம், அவரைச் சபையின் படியேற்ற மறந்தோம்.

இதனின்றும் நாம் கற்றது யாதெனின், ஆலோசனைச் சபைக்கு வேண்டுவது நாவன்மையன்று. பஸ்ஸையே நம்பி வாழ்வாருடைய அறிவு. பாலம் கட்டுவதற்குப் பொறியியல் அறிவு வேண்டும், ஐயமில்லை. ஆனால் கைக்குழந்தையோடு உயர்ந்த படியில் ஏறுதல் எத்துணை அரிது என்பதும், இரவு வேலை முடித்த பெண்ணொருத்தி விளக்கில்லாத நிறுத்தத்தில் நிற்பது எத்தகையது என்பதும் வரைபடத்தில் தெரிவதில்லை. அவற்றைத் தெரிந்தவர் சபையில் அமர்தல் வேண்டும்.

இதற்குச் சிலர் தடை கூறுவர். ஆலோசனை கூறும் சபைக்கு அதிகாரம் ஏது என்பது முதலாவது. உண்மை, அதற்குக் கட்டளையிடும் உரிமை இல்லை. ஆயினும் நியூயார்க் நகரத்தை நோக்குக. அங்கு 1981ஆம் ஆண்டில் மாகாண சட்டசபை பிரயாணிகளுக்கெனப் பிரஜைகள் ஆலோசனைக் கமிட்டி ஒன்றைச் சட்டத்தால் நிறுவிற்று. ஊதியம் பெறாத பிரயாணிகளே அதன் அங்கத்தினர். போக்குவரத்தை நடத்தும் சபையில் அவர்களுடைய பிரதிநிதி வாக்களிக்க இயலாதவராயினும் உடன் அமர்ந்து பேசும் உரிமையுடையவர். இடித்துரைப்பார் அருகிருத்தலே மன்னர்க்குக் காவல் என்று நம் முன்னோர் கருதினர். அதிகாரமின்மை குறையன்று, தாளில் எண்ணிக்கையின்றிச் செல்வதே குறை.

மாணவர் மூன்றாண்டில் ஊரை விட்டுப் போய்விடுவரே என்பது இரண்டாவது தடை. மெய்தான், எனவே தனியொருவராய்ச் செல்லாமல், நம் சமூக சேவைச் சங்கத்தின் சார்பாக நோட்டுப் புத்தகத்தை ஒரு வகுப்பார் அடுத்த வகுப்பார்க்கு ஒப்புவித்தல் வேண்டும். மேலும், போக்குவரத்துப் பற்றிய தீர்மானங்கள் மூன்றாண்டில் மறைவன அல்ல. சென்னையில் மின்சார டிராம் 1895ஆம் ஆண்டில் ஓடத் தொடங்கி 1953ஆம் ஆண்டில் நின்றது. கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931ஆம் ஆண்டில் ஓடத் தொடங்கிய மின்சார ரயில் இன்றும் ஓடுகின்றது. ஒரு தலைமுறை எடுத்துவிட்டதை அடுத்த தலைமுறை இழக்கின்றது. ஒரு தலைமுறை வைத்துச் சென்றதில் அடுத்த தலைமுறை ஏறிச் செல்கின்றது. நாம் படிப்பை முடித்து எங்குச் செல்லினும், நாம் நின்ற நிறுத்தத்தில் வேறொருவர் நிற்பார்.

படிப்புக்கு இடையூறு என்பது மூன்றாவது. ஆண்டில் சில மாலைகளைக் கிரிக்கெட் ஆட்டம் பார்ப்பதற்குக் கொடுப்பவர் இதற்கும் கொடுக்கலாம் என்பதற்கு மேல் விடை வேண்டுவதில்லை.

அதிகாரிகளிடத்தும் ஒரு வேண்டுகோள் உண்டு. சென்னைப் பெருநகரின் பஸ்ஸையும் ரயிலையும் மெட்ரோவையும் ஒருங்கிணைக்கும்பொருட்டு 2010ஆம் ஆண்டில் ஒரு சட்டம் நிறைவேறியது. வண்டிகளை ஒருங்கிணைத்தல் நன்று. வண்டியில் ஏறுவோரையும் ஒருங்கே அமர்த்தி அவர் கூறுவதைக் கேட்கும் நிலையான சபை ஒன்று அதனோடு இணைந்து இயங்குமாயின் மிக நன்று. அதில் மாணவர்க்கும், மகளிர்க்கும், உடற்குறையுடையார்க்கும், கூலி வேலை செய்வார்க்கும் இடம் இருத்தல் வேண்டும். கூட்டங்கள் வேலை நேரத்தில் நடைபெறாமல் மாலையில் நடைபெறுதல் வேண்டும்; கூலியை இழந்து ஆலோசனை கூற வருவார் யார்?

தோழர்களே! வாக்காளர் பட்டியலில் நம் பெயர் உளதா என்று முதலிற் பார்ப்போம். நம் பகுதி சபை எப்பொழுது, எங்குக் கூடும் என்று கேட்டறிவோம். செல்லுமுன் நம் நிறுத்தத்தில் ஒரு வாரம் நின்று எண்ணுவோம். தனியே செல்லாமல், அந்நிறுத்தத்தை நம்மினும் மிகுதியாக நம்பியிருப்பவர் ஒருவரை உடன் அழைத்துச் செல்வோம். குழுவில் இடம் காலியானால் விண்ணப்பம் செய்வோம்.

எம் தோழர் அடுத்த பகுதி சபைக்கு வருவதாக இசைந்துள்ளார். தாம் கூற வேண்டியவற்றைப் புள்ளியெழுத்தில் எழுதி வைத்துள்ளார் என்றும் அறிகின்றோம். அன்று நாம் பேசப் போவதில்லை. அவரை வாயில் வரையில் அழைத்துச் சென்று, உள்ளே ஓர் ஆசனம் காட்டி, பின் வரிசையில் அமர்ந்து கேட்கப் போகின்றோம்.