தொண்ணூறாம் நாள்

சித்திரா பௌர்ணமி விரதத்துக்கென்று நம் தம்பி ஒருவர் சென்ற மாதம் தாய்லாந்திலிருந்து வந்திருந்தார். தம்பி என்றால் உடன்பிறந்தவரல்லர், சின்னம்மாவின் மகன். வடமராட்சியிலே படித்து, கொழும்பிலே சில காலம் கணிதம் கற்பித்து, பின்னர் தாய்லாந்தின் வடகீழ்ப் பகுதியிலுள்ள ஓர் ஊர்ப் பாடசாலைக்கு ஆசிரியராகப் போனவர். போய்ப் பத்து ஆண்டுகளுக்கு மேலாகின்றது. வந்த அன்று மாலை தேநீர் அருந்திக்கொண்டிருக்கையில், சுவரிலே தொங்கிய நமது கலண்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, விரலை மடக்கி மடக்கி ஏதோ எண்ணத் தொடங்கினார்.

"என்ன தம்பி, நல்ல நாள் பார்க்கிறீரோ?" என்று கேட்டோம்.

"இல்லை அண்ணை. திரும்பிப் போகும் நாளிலிருந்து தொண்ணூறாம் நாள் எப்போது வருகிறதென்று பார்க்கிறேன்" என்றார்.

அதன் பின் தமது பாஸ்போர்ட்டை எடுத்துக் காட்டினார். நம்முடைய பாஸ்போர்ட் மெலிந்து கிடக்கிறது. அவருடையதோ பருத்துப் போயிருந்தது. உள்ளே கம்பி குத்தி இணைத்த சிறு கடுதாசித் துண்டு ஒன்று. அதற்கு முன்னிருந்த துண்டுகளைப் பிடுங்கிய துவாரங்கள் பல. "இந்தத் துண்டு தொலைந்தால் நானும் தொலைந்தேன்" என்று சிரித்தார்.

அந்தத் துண்டின் கதையைத்தான் இவ்வாரம் வாசகர்களுக்குச் சொல்ல எண்ணுகின்றோம். நம்மவர் பிள்ளைகள் தொழிலுக்கும் படிப்புக்குமாக அந்நாட்டுக்குப் போவது புதிதன்று. 1959ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ஆசியத் தொழினுட்ப நிறுவகத்தில், பாங்கொக்குக்கு வடக்கே பாத்தும் தானியில், இலங்கை மாணவர் பலர் பயின்று பட்டம் பெற்றிருக்கின்றனர். போகும் பிள்ளைக்குக் கட்டுச்சோறும் மிளகாய்த்தூளும் கட்டிக் கொடுக்கும் தாய்மார் இதனையும் அறிந்திருப்பது நன்று.

தாய்லாந்தின் குடிவரவுச் சட்டம் 1979ஆம் ஆண்டுக்குரியது. அவர்கள் புத்த வருடக் கணக்கில் அதனை 2522 என்பர். அச்சட்டத்தின் 37ஆம் பிரிவு, தற்காலிகமாகத் தங்க அனுமதி பெற்ற அந்நியர் ஒருவர் தொண்ணூறு நாளுக்கு மேல் நாட்டிலே தொடர்ந்து தங்குவாராயின், தாம் வசிக்கும் இடத்தைக் குடிவரவு அதிகாரிக்கு எழுத்து மூலம் அறிவித்தல் வேண்டும் என்கின்றது. பின்னர் ஒவ்வொரு தொண்ணூறு நாளைக்கும் ஒருமுறை அவ்வாறே அறிவித்தல் வேண்டும். ஆசிரியரும் மாணவரும், இளைப்பாறிய வெள்ளைக்காரரும், அந்நாட்டுப் பெண்ணை மணந்து பிள்ளை குட்டி பெற்றவருங்கூட இதற்கு விலக்கல்லர். வீடு மாறவில்லை, தொழில் மாறவில்லை, எதுவுமே மாறவில்லை என்பதைத்தான் ஆண்டுக்கு நான்கு முறை போய்ச் சொல்லுதல் வேண்டும்.

ஒன்றைக் கவனிக்குக. இந்த அறிவித்தல் விசாவை ஒரு நாளேனும் நீட்டித் தருவதில்லை. விசா நீட்டிப்பு வேறு விஷயம். அதற்கு வேறு பத்திரம், வேறு வரிசை, 1,900 பாத் கட்டணம். நாட்டை விட்டு வெளியேறித் திரும்புவதற்கு மீள்வருகை அனுமதி மூன்றாவது விஷயம். ஒரு தடவைக்கு 1,000 பாத், பல தடவைக்கு 3,800 பாத். புதிதாய்ப் போனவர்கள் இம்மூன்றையும் ஒன்றென மயங்கி இடர்ப்படுகின்றனர். துண்டிலே அடுத்த தேதி அச்சிட்டிருக்கிறதே, அதுவரை தங்கலாமென்று எண்ணி, அனுமதி முடிந்த பின்னும் இருந்துவிடுவோர் உண்டு. அப்படி மிகைத்த ஒவ்வொரு நாளுக்கும் 500 பாத் தண்டம். அது 20,000 பாத் வரை ஏறும்.

தொண்ணூறாம் நாளுக்குப் பதினைந்து நாள் முன்னதாகவும் ஏழு நாள் பின்னதாகவும் அறிவிக்க இடமுண்டு. அதனையும் தவறவிட்டுத் தாமாகச் சென்றால் 2,000 பாத் தண்டம். டி.எம். 47 என்னும் பத்திரத்தை நேரிற் கொடுக்கலாம், பிறரிடம் கொடுத்தனுப்பலாம், பதிவுத் தபாலிலும் அனுப்பலாம். 2015ஆம் ஆண்டு முதல் கணினி வழியாகவும் அனுப்பலாம் என்றாயிற்று. அப்போது தம்பி பெருமகிழ்ச்சி கொண்டாராம். ஆனால் கணினியில் அனுப்பிய விண்ணப்பம் சில தடவை உடனே ஏற்கப்படும். சில தடவை "பரிசீலனையில்" என்ற சொல்லோடு நாட்கணக்கிற் கிடக்கும். ஏழாம் நாளோ எட்டாம் நாளோ காரணம் இன்றி நிராகரிக்கப்படும். பிறகு பழையபடி நேரிற் போகவேண்டியதுதான். ஆகவே கணினியில் அனுப்பினாலும் கால் ஒன்று வாசலிலேயே இருக்கும் என்கிறார்.

நேரிற் போவதெப்படி? பாங்கொக்கில் இருப்போர் 2009ஆம் ஆண்டு வரை சுவான் புளூ என்னும் தெருவிலுள்ள பழைய கந்தோருக்குப் போயினர். அதன் பின் நகரின் வடக்கே செங் வத்தனாவில் அமைந்த அரசாங்கப் பெருங்கட்டிடத்துக்குப் போகின்றனர். மாகாணங்களில் இருப்போருக்கு அவ்வவ்விடத்துக் கந்தோர். தம்பி செல்லும் கந்தோருக்கு அவர் வீட்டிலிருந்து பஸ்ஸிலே இரண்டு மணி நேரப் பயணம். காலை எட்டரைக்குத் திறப்பார்கள் என்றால் ஏழு மணிக்கே வாசலில் செருப்புகள் வரிசையாகக் கிடக்குமாம். ஆட்கள் நிழலில் இருப்பார்கள், செருப்புகள் அவர்களுக்காக வரிசையில் நிற்கும். அந்நாட்டவரின் இந்த வழக்கம் நமக்கு மிகவும் பிடித்திருக்கின்றது. நம்மூர்த் தபாற்கந்தோரில் செருப்பை வரிசையில் விட்டால் திரும்பி வருகையில் செருப்பு இராது.

உள்ளே போனால் எண் எழுதிய துண்டு ஒன்று தருவர். பாஸ்போர்ட்டின் முதற்பக்கம், விசா ஒட்டிய பக்கம், கடைசி முத்திரைப் பக்கம் ஆகியவற்றின் பிரதிகள் வேண்டும். ஒவ்வொரு பிரதியிலும் கையொப்பம் வேண்டும். ஒரு பிரதி குறைந்தால் வெளியே பிரதி எடுக்கும் கடைக்கு ஓடவேண்டும். ஓடித் திரும்புகையில் எண் போய்விடும். பன்னிரண்டு மணிக்கு மதிய உணவுக்கு மேசைகள் வெறுமையாகும். மேசைக்குப் பின்னாலிருக்கும் உத்தியோகத்தர்களைத் தம்பி குறை கூறவில்லை. அவர்கள் மரியாதையுடையவர்கள், கூப்பிய கையோடு வணங்கினால் வணங்குவார்கள், இருநூறு பேருக்கு மூவர் என்ன செய்வார் என்றார். முறை வந்ததும் வேலை முடிவது இரண்டே நிமிடத்தில். இரண்டு நிமிட வேலைக்கு ஒரு நாட் சம்பளம் போகிறது.

ஒரு நாட் சம்பளம் என்பது எல்லாருக்கும் ஒன்றன்று. இந்த முறையைப் பற்றி ஆங்கிலப் பத்திரிகைகளில் முறையிடுவோர் பெரும்பாலும் இளைப்பாறிய மேனாட்டார். ஆனால் அந்த வாங்குகளில் அமர்ந்திருப்போரில் மியன்மாரிலிருந்தும் கம்போடியாவிலிருந்தும் லாவோசிலிருந்தும் வந்த கூலியாட்கள் எத்தனை பேர்! சமுத் சாக்கோனில் இறால் உரிக்கும் பெண்ணும், பாங்கொக்கில் கட்டிடத்துக்குச் சீமெந்து சுமக்கும் பையனும் இதே தொண்ணூறு நாட் கணக்குக்கு உட்பட்டவர்களே. அவர்களுக்காகத் தரகர்கள் பத்திரம் நிரப்புவர். தரகுக்கூலி சம்பளத்திற் கழியும். அவர்கள் கடிதம் எழுதி முறையிடுவதை நாம் எந்தப் பத்திரிகையிலும் கண்டதில்லை. மறுபுறம், 2022ஆம் ஆண்டில் செல்வந்தருக்கும் உயர் நிபுணருக்குமென்று பத்தாண்டு விசா ஒன்றை அந்நாட்டு அரசு ஏற்படுத்தியது. அதனைப் பெற்றவர் ஆண்டுக்கு ஒருமுறை அறிவித்தாற் போதும். பொருள் உள்ளவன் எங்கே வசிக்கிறான் என்பதில் அரசுக்கு அவ்வளவு அவசரமில்லை போலும்.

தங்கியிருப்பவர் சொல்வது ஒருபுறமிருக்க, இடங்கொடுத்தவரும் சொல்லுதல் வேண்டும். அந்நியர் ஒருவர் வந்து தங்கின் இருபத்துநான்கு மணி நேரத்துள் வீட்டுக்காரர் அறிவிக்க வேண்டும் என்பது அதே சட்டத்தின் 38ஆம் பிரிவு. அதற்கு டி.எம். 30 என்ற பத்திரம். தவறினால் வீட்டுக்காரருக்கு 2,000 பாத் வரை தண்டம். சட்டப்படி குற்றம் வீட்டுக்காரருடையது. நடைமுறையிலோ, அந்தப் பத்திரம் இல்லையென்றால் குடியிருப்பவருடைய மற்ற விண்ணப்பங்கள் மேசையைத் தாண்டா. ஆகவே குடியிருப்பவரே தண்டத்தைக் கட்டிவிட்டு வாயை மூடிக்கொள்கிறார். நெடுங்காலம் ஏட்டில் உறங்கிய இப்பிரிவு 2019ஆம் ஆண்டிலே கடுமையாக எழுப்பப்பட்டது. இரண்டு நாள் வேறு மாகாணம் போய்த் திரும்பினாலும் மீண்டும் அறிவி என்றார்கள். கூக்குரல் எழுந்தபின் மறு ஆண்டில் அதனைத் தளர்த்தினார்கள்.

இதைக் கேட்டபோது நமக்கு வியப்பு உண்டாகவில்லை. யுத்த காலத்தில் கொழும்பில் வீடு வைத்திருந்த தமிழர் எவருக்கும் உண்டாகாது. ஊரிலிருந்து மாமியார் கண் வைத்தியத்துக்கு வந்தாலும், யார், எங்கிருந்து, எதற்கு, எத்தனை நாள் என்று பொலிஸ் நிலையத்திற் பதிந்து, அந்தத் துண்டைக் கதவருகே வைத்துக்கொண்டு உறங்கிய இரவுகளை வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் மறக்கவில்லை. அங்கே அந்நியனைக் கேட்பதை இங்கே நம்மைக் கேட்டார்கள் என்பதே வேறுபாடு. சுவான் புளூவிலிருந்து கந்தோர் போய்விட்டதென்றோம். தடுப்பு நிலையம் அங்கேயே இருக்கின்றது. பத்திரமில்லாமற் பிடிபட்ட நம் நாட்டுத் தமிழரும் அதன் சுவர்களுக்குள் இருந்திருக்கின்றனர். அவர்களை நினைத்தால், வரிசையில் நிற்க அனுமதி பெற்றிருப்பதே ஒரு பேறு என்று தோன்றும். அதற்காக வரிசை குறுகியதென்று ஆகிவிடாது.

தம்பி ஏன் ஆண்டுதோறும் சித்திரா பௌர்ணமிக்கு வருகிறார் என்பதை இனிச் சொல்லவேண்டும்.

2017ஆம் ஆண்டில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, சின்னம்மா ஆஸ்பத்திரியில் நினைவு தப்பிக் கிடக்கிறார் என்று நாமே அவருக்குத் தொலைபேசியிற் சொன்னோம். கந்தோர் மூடியாயிற்று, இனித் திங்கட்கிழமைதான். அவர் இரவு பஸ்ஸில் ஏறிப் பாங்கொக் வந்து, சனிக்கிழமை கிடைத்த முதல் விமானத்தைப் பிடித்தார். விமான நிலையத்திலேயே மீள்வருகை அனுமதி கொடுக்கும் மேசை ஒன்று உண்டு. அதனை அவர் அறியார். முத்திரை குத்திய உத்தியோகத்தர் "மீள்வருகை?" என்று ஒரு சொல்லிலே கேட்டாராம். இவர் அழுகையோடு தலையை ஆட்டினார். ஆமென்று ஆட்டினாரோ இல்லையென்று ஆட்டினாரோ அவருக்கே நினைவில்லை. முத்திரை விழுந்தது. அம்முத்திரையோடு அவருடைய ஓராண்டு அனுமதி முடிந்தது. தொழில் அனுமதியும் அதனோடு செல்லாததாயிற்று.

சின்னம்மா திங்கட்கிழமை அதிகாலை கண்மூடினார். ஞாயிற்றுக்கிழமை மாலை ஒருமுறை கண் திறந்து மகனைப் பார்த்தார், கையைப் பிடித்தார். நாம் அருகில் நின்றோம்.

அந்தியேட்டி முடிந்த பிறகுதான் பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்த்தார். பாடசாலைக் கடிதம், பட்டச் சான்று, பொலிஸ் சான்று எல்லாம் புதிதாகத் தேடிக் கொழும்பிலுள்ள தூதரகத்தில் முதலிலிருந்து விண்ணப்பித்தார். அது கிடைத்து அவர் மீண்டும் வகுப்பறையில் நிற்க ஒரு தவணை முழுவதும் கழிந்தது. சம்பளமும் அவ்வாறே. தலைமை ஆசிரியை நல்லவர். இடத்தை வேறொருவருக்குக் கொடாமல் வைத்திருந்தார். எல்லாருக்கும் அப்படி வாய்ப்பதில்லை.

"அந்த மேசையிருப்பது தெரிந்திருந்தால் கால் மணி நேரத்தில் முடிந்திருக்கும், தம்பி" என்று இம்முறை சொன்னோம்.

"தெரிந்திருந்தாலும் அன்று நின்றிருப்பேனோ தெரியாது, அண்ணை. அந்த விமானத்தை விட்டால் அடுத்தது இரவுதான்" என்றார்.

இப்போது அவர் வெளியேறுமுன் மீள்வருகை முத்திரையை மூன்று தடவை தடவிப் பார்க்கிறார். அந்த முத்திரையோடு வெளியேறித் திரும்பினால் அனுமதி அழியாது. ஆனால் தொண்ணூறு நாட் கணக்கு மட்டும் திரும்பிய நாளை முதல் நாளாகக் கொண்டு புதிதாகத் தொடங்கும். மே 4ஆம் தேதி போய் இறங்குவதாகத் திட்டம். மே மாதத்தில் இருபத்தெட்டு, ஜூனில் முப்பது, ஜூலையில் முப்பத்தொன்று. தொண்ணூறாம் நாள் ஆகஸ்ட் 1. கணித ஆசிரியரல்லவா, இரண்டாம் முறையும் எண்ணிச் சரிபார்த்தார். பிறகு நமது கலண்டரில் ஜூலை 17ஆம் தேதியைச் சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டு, "அன்றைக்கு எனக்கு ஒரு போன் எடுத்து நினைவூட்டுங்கள் அண்ணை, கந்தோர் அன்றைக்கே கொள்ளத் தொடங்கும்" என்றார். அந்தக் கலண்டரில் வைத்திய நாள், வாடகை நாள், விரத நாள் எல்லாவற்றோடும் இப்போது அதுவும் இருக்கின்றது.